காரைக்குடியில் எட்டு வாரம்: கோடைத் தங்குமிடம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காரைக்குடியில் ஒரு வருடத்துக்கு வீடு கேட்டால் ஒரே நாளில் நாலு வீடு காட்டுவார்கள். எட்டு வாரத்துக்குக் கேட்டால் அதே ஆட்கள் கையை விரித்துவிடுவார்கள். சிக்ரி என்று ஊர் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் குறும்பயிற்சிக்காக வரும் வெளியூர் மாணவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்டது சிக்ரி. அவர் எழுப்பிய கல்லூரிகளைச் சுற்றி வளர்ந்த கல்லூரிச் சாலைப் பகுதியில் வாடகைச் சந்தை முழுக்கக் கல்வியாண்டை ஒட்டியே நடக்கிறது. கோடையில் அறை கிடைப்பதற்கும் பாதியில் கைவிட்டுப் போவதற்கும் அந்த ஒரே காரணம்தான்.

எடுத்துக்கொண்ட நிலைமை

எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடித்த இரண்டு பெண்கள். ஒருவருக்கு ஊர் ஈரோடு, மற்றவருக்கு நாகர்கோவில். மே 11 முதல் ஜூலை 5 வரை 56 நாள் ஆய்வகப் பயிற்சி. உதவித்தொகை கிடையாது. தங்கவும் சாப்பிடவும் ஆளுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வீட்டில் கேட்க முடியாது. இது குறிப்பிட்ட இருவரின் வரலாறு இல்லை. இங்கே திரும்பத் திரும்ப வரும் நிலைமையை வைத்துக் கட்டிய மாதிரி. இதில் வரும் ரூபாய்த் தொகைகளும் கணக்குப் போட்டுக் காட்ட வைத்தவையே. அன்றைய விலையை விசாரித்து அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறை மாறாது.

பயிற்சிக்கான அனுமதிக் கடிதத்தில் தங்குமிடம் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், இல்லை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. வழிகாட்டும் விஞ்ஞானியின் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, போன கோடையில் வந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்று கேட்டால் இணைய விளம்பரங்கள் எல்லாவற்றையும் விடக் கூடுதலாகத் தெரியவரும். புறப்படுவதற்கு நாலு வாரம் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

காலியாகும் அறை எது

வீட்டுக்காரருக்கு எட்டு வாரக் குடித்தனம் லாபமில்லை. சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்க வேண்டும், மறுபடி ஆள் தேட வேண்டும், நடுவில் மின்கட்டணச் சுற்று வேறு. அவருக்கு எந்த வாரங்களில் எப்படியும் வாடகை வராதோ, அந்த வாரங்களில்தான் குறுகிய காலத்துக்கு இறங்கி வருவார்.

குடும்பங்கள் வீடு மாறுவது பள்ளித் தேர்வு முடிந்த மே மாதத்தில். பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்ப்பவர்கள் ஜூன் தொடங்குவதற்குள் குடியேறிவிடப் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு அறை, சமையலறை கொண்ட குடும்ப வீட்டை மே மாதத்தில் எட்டு வாரத்துக்குக் கேட்பது வீண் அலைச்சல். மாணவர்களுக்கு விடும் அறைகளும் தனியார் விடுதிகளும் ஏப்ரல் கடைசியில் காலியாகி, கல்லூரி திறக்கும் ஜூன் நடுவரை கிடக்கும். நமக்கு வழி அங்கேதான். ஆனால் 56 நாள் பயிற்சி ஜூன் நடுவைத் தாண்டிப் போகிறது. முதல் ஐந்து வாரம் நம்மை வரவேற்பவர் ஆறாவது வாரம் வருடக் கணக்கில் தங்கும் மாணவர் வந்தால் கட்டிலைக் கேட்பார். இந்த நிகழ்வில் பணத்தை விடப் பெரிய ஆபத்து இதுதான். பயிற்சித் தேதியை மாற்றிக்கொள்ள வழியிருந்தால் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் இருபதுக்குள் முடித்துக்கொள்வது பாதி சிக்கலைத் தீர்க்கும்.

இன்னொரு இடைவெளி ஆடியில் வரும். ஆடியில் பால் காய்ச்சிக் குடியேற மாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும். ஜூலை நடுவில் பயிற்சி தொடங்குபவர் இதைக் கேட்டுப் பார்க்கலாம். நம் மாணவிகள் இருவருக்கும் அது உதவாது.

தனி வீட்டுக் கணக்கு

தரகர் காட்டியது ஒரு படுக்கையறை வீடு. வாடகை 7,000, அட்வான்ஸ் 35,000. இருவர் பகிர்ந்தால் மாதம் 3,500தானே என்று தோன்றும். கணக்கை முழுதாகப் போட்டால் வேறு விதமாக வரும். இரண்டு மாத வாடகை 14,000. தரகுக்கு ஒரு மாத வாடகை 7,000. காலி செய்யும்போது பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது தமிழ்நாடு முழுக்க உள்ள பழக்கம். அது இன்னொரு 7,000. அடுப்பு, பாத்திரம், பாய், வாளி, மின்விசிறி இல்லாத அறைக்கு ஒரு மேசை விசிறி என்று 5,000. ஆக 33,000, சாப்பாட்டுக்கு முன்பே ஆளுக்கு 16,500. வருடக் குடித்தனத்தில் பன்னிரண்டு மாதத்துக்குப் பரவும் செலவு இங்கே இரண்டு மாதத்தின் தலையில் விழுகிறது. வாடகையை 500 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவதை விட, பெயிண்ட் பிடித்தமில்லை, தரகு அரை மாதம் என்று பேசி முடிப்பதில்தான் உண்மையான மிச்சம்.

அட்வான்ஸ் பற்றிச் சட்டமும் ஒன்று சொல்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரண்டு மாதத்துக்கு வரும் மாணவர் இதைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது. ஒரு மாத அட்வான்ஸ், இரண்டு மாத வாடகையும் முன்கூட்டியே என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். காலி செய்யும் தேதி முன்பே தெரிந்த ஆளிடம் வாடகை பாக்கி நிற்காது என்பதால் அவருக்கும் பெரிய அட்வான்ஸ் தேவைப்படாது.

பெண்கள் விடுதி

கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு விடுதி. மூன்று வேளைச் சாப்பாட்டோடு மாதம் 6,500, சேர்க்கைக் கட்டணம் 1,000, திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸ் 3,000. இரண்டு மாதத்துக்கு ஆளுக்கு 14,000. தனி வீட்டை விடத் தெளிவாக மலிவு.

இங்கே கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாதக் கணக்கு எந்தத் தேதியிலிருந்து? பல விடுதிகள் ஒன்றாம் தேதி முதல் கணக்கு வைப்பவை. மே 11-இல் சேர்ந்து ஜூலை 5-இல் போனால் 56 நாள்தான், ஆனால் மே, ஜூன், ஜூலை என்று மூன்று மாதக் கட்டணம் விழும். 14,000 என்பது 20,500 ஆகிவிடும். சேர்ந்த தேதியிலிருந்து சேர்ந்த தேதி என்று பேசி, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். அதோடு சனி, ஞாயிறு மதியச் சாப்பாடு உண்டா, ஆய்வகத்துக்கு மதியம் கட்டிக் கொடுப்பார்களா, விடுமுறையில் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டால் என்ன ஏற்பாடு என்பவையும் கேட்க வேண்டியவை. மே மாதத்தில் பாதிக் கட்டில் காலி என்பதால் சமையலறையை மூடிவிடும் விடுதிகள் உண்டு. ஜிஎஸ்டியையும் மறக்க வேண்டாம். மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்து தொடர்ந்து 90 நாளாவது தங்குபவருக்குத்தான் 2024-இல் வந்த விலக்கு. 56 நாள் தங்குபவர் அதற்குள் வரமாட்டார். சிறிய விடுதிகள் பதிவு வரம்புக்குள் வராததால் வரி போடுவதில்லை, பெரியவை போடலாம். சொன்ன தொகையில் வரியும் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வெளியூரிலிருந்து மகளை அனுப்பும் பெற்றோர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது அது. இரவு எத்தனை மணிக்குக் கதவு பூட்டுவார்கள் என்பது அடுத்தது. மின்வேதியியல் சோதனை ஒன்று ஓடத் தொடங்கினால் ஆறு மணிக்கு எழுந்து வர முடியாத நாட்கள் இருக்கும்.

கோட்டையூரில் ஒரு பின்கட்டு

செட்டிநாட்டுக்கு வருபவர் முதலில் கேட்பது, இத்தனை பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, ஒரு அறை தரமாட்டார்களா என்பது. நியாயமான கேள்விதான். அந்த வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமில்லை. பாட்டன் கட்டியதில் பங்காளிகள் பல புள்ளிகளாக, அதாவது தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்து, சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஆளுக்கு ஒரு அறை, அதற்கு ஆளுக்கு ஒரு பூட்டு. யாரோ ஒருவர் சரி என்று சொன்னால் போதாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தன் பொறுப்பில் அறை தருவதாகச் சொன்னால் பணம் கொடுக்கவே கூடாது. உரிமையாளர் ஒருவர் வந்து நின்றால் அன்றே வெளியேற வேண்டியிருக்கும். மேலும் படைப்பு என்னும் முன்னோர் வழிபாடு, கல்யாணம், கோயில் திருவிழா என்று குடும்பம் கூடும்போது அந்த வீடுதான் வேண்டும். கொப்புடையம்மன் திருவிழாவும் முகூர்த்தங்களும் பிள்ளைகளின் விடுமுறையும் சேர்ந்து வருவது நமக்கு அறை வேண்டிய இதே கோடையில்.

ஆனாலும் வழி இருக்கிறது. பங்கு பிரித்துத் தனியாகச் சுவர் எழுப்பிய வீடுகளில், வயதான ஆச்சி ஒருவர் முன்பக்கம் குடியிருந்து, பின்தெருவைப் பார்த்த பின்கட்டை, அதாவது வீட்டின் பின்பகுதியை, வாடகைக்கு விடுவதுண்டு. கோட்டையூர், பள்ளத்தூர் போன்ற பக்கத்து ஊர்களில் கேட்டால் கிடைக்கும். பலகை தொங்காது. மெஸ் நடத்துபவர், இஸ்திரி வண்டிக்காரர், கோயில் பக்கத்துப் பூக்கடை ஆகியோருக்குத் தெரியும். பெண்கள் இருவர், படிப்புக்கு வந்திருக்கிறார்கள், நிலையத்தின் கடிதம் கையில் இருக்கிறது என்பது ஆச்சிக்கு அட்வான்ஸை விடப் பெரிய உறுதி. “என்னாத்தா, ரெண்டு மாசத்துக்கா? வந்தவுடனே போறேங்கிறீகளே” என்று தொடங்கும் பேச்சுக்குச் சுற்றி வளைக்காமல், “ஆமா ஆச்சி, ஜூலை அஞ்சாந் தேதி சாவிய உங்க கையில குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுவோம்” என்று தேதியோடு பதில் சொல்ல வேண்டும். நீட்டிப்பதுபோலக் காட்டி அறையைப் பிடிப்பது அடுத்த கோடையில் வரும் மாணவர்களுக்குக் கதவை அடைத்துவிடும்.

வாடகை இருவருக்கும் சேர்த்து மாதம் 4,000, ஒரு மாத அட்வான்ஸ், பெயிண்ட் பிடித்தமில்லை. ஆளுக்கு இப்படி வரும்: வாடகை 4,000. மின்சாரம் இரண்டு மின்விசிறி, விளக்கு, மடிக்கணினி என்று நாளுக்கு 3 யூனிட் வைத்தால் 56 நாளுக்கு 168 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று ஒப்புக்கொண்டால் 1,008, அதில் பாதி 504. மெஸ்ஸில் நாளுக்கு 120 என்றால் 6,720. இருபது லிட்டர் குடிதண்ணீர் கேன் மூன்று நாளைக்கு ஒன்று, 19 கேன், ஒன்று 40 ரூபாய், பங்கு 380. பாய், தலையணை, வாளி, சின்னச் சாமான் 1,500. மொத்தம் 13,104. விடுதியை விட 900 ரூபாய் அளவுக்குத்தான் மிச்சம். 56 நாளில் அது பெரிய தொகை இல்லை. ஆகவே இந்த இரண்டில் எது என்பதை விலையால் முடிவு செய்ய முடியாது.

வெயில், தண்ணீர், மின்சாரம்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். நம் மாணவிகள் இருவரும் அதன் நடுவில் வந்து இறங்குகிறார்கள். மாடியில் கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை பகலில் குடித்த சூட்டை இரவில் விடும்; பன்னிரண்டு மணி வரை தூங்க முடியாது. அறையைக் காலை பத்து மணிக்குப் பார்த்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதில்தான். மாலை ஏழு மணிக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வீட்டின் சுண்ணாம்புக் காரைச் சுவர், மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மூன்றும் சேர்ந்தால் ஏசி இல்லாமல் சமாளிக்கலாம்.

ஏசி உள்ள அறை என்றால் கட்டணத்தை யார் கட்டுவது என்பதில் தகராறு வரும். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதச் சுற்றில் அது மட்டுமே 500 யூனிட்டை எட்டிவிடும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் குறைவாகச் செலவழிப்பவர்களுக்கான சலுகை விலையும் போய்விடும். ஒரே மீட்டரில் வீட்டுக்காரரும் இருந்தால் அவர் கட்டணமும் எகிறும். அந்த அறைக்கு மட்டும் கணக்குக் காட்டும் சப் மீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, குடியேறும் அன்றே அளவைப் படம் பிடித்து இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டில் இன்னொரு சங்கடம் வயரிங். 2,000 வாட் மின்அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். மின்விசிறிக்குப் போட்ட சிறிய ப்ளக்கில் அதைச் செருகினால் ப்ளக் உருகும், பழைய வயர் தீப்பிடிக்கவும் செய்யும். பெரிய 16 ஆம்பியர் ப்ளக் இல்லாத அறையில் மின்அடுப்பு வேண்டாம். சமைத்தே ஆக வேண்டுமென்றால் 5 கிலோ கேஸ் சிலிண்டரை அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கலாம். முகவரிச் சான்று தேவையில்லை. காற்றோட்டமுள்ள இடம் வேண்டும், ஆச்சியின் சம்மதமும் வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்று நீரைப் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது இந்தக் குறிப்பிட்ட வீட்டுக்குக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, அந்த நேரத்தில் பிடித்து வைக்க ஆள் இருக்கிறதா என்பது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குளிக்க மட்டும் ஆகும். கழிப்பறை பின்கட்டுக்குள்ளா, முற்றம் தாண்டியா என்பதை இரவு நேரத்தை நினைத்துக் கேட்க வேண்டும்.

பணம் கைமாறும் முன்

அறையை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பக்கூடாது. ராணுவத்தில் இருக்கிறேன், வெளியூர் மாற்றலாகிவிட்டேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்களுக்கே பணம் வரும் என்று பேசுபவர் மோசடிக்காரர். யுபிஐ-யில் பணம் பெற யாரும் ரகசிய எண் போட வேண்டியதில்லை. ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்து, அதன்மேல் எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுப்பது நல்லது. விடுமுறையில் ஊருக்குப் போகும் ஆய்வு மாணவர் தன் அறையைத் தர முன்வந்தால், வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போய்த் தங்கக்கூடாது.

சில வீடுகளில் சாதி கேட்பார்கள், நேராகவோ, ஊரையும் தெருவையும் விசாரிக்கும் சாக்கிலோ. அந்த வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டுவதே எங்கள் ஆலோசனை. இரண்டு மாதம் பதில் சொல்லிக்கொண்டு வாழ்வது படிக்க வந்தவருக்குத் தேவையில்லாத பாரம்.

பயிற்சிக்கு இரண்டு நாள் முன்பே வந்து, லாட்ஜில் தங்கி, மூன்று இடங்களையாவது பார்க்க வேண்டும். முகூர்த்த நாளில் லாட்ஜ்கள் கல்யாணக் கூட்டத்தால் நிரம்பிவிடும். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

முடிவு எப்படி அமைந்தது

விடுதி நிர்வாகம் தேதிக் கணக்குக்கு ஒத்துக்கொள்கிறது. ஜூலை 5 வரை கட்டில் உறுதி என்று எழுதித் தரச் சொன்னால், கல்லூரி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தப் பதிலுக்குப் பிறகு 6,500 மலிவா என்ற கேள்வியே இல்லை. ஜூன் நடுவில் ஆய்வகத்தில் பாதி வேலையோடு புது இடம் தேட நேர்ந்தால் போவது பணம் மட்டும் இல்லை. கோட்டையூர்ப் பின்கட்டே தேர்வாகிறது.

அதற்கு விலை பஸ்ஸில் போகும் நேரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் பணச் செலவு கிடையாது. இதே இடத்தில் இரண்டு ஆண் மாணவர்கள் இருந்தால் 56 நாள் பஸ் கட்டணம் அந்த 900 ரூபாய் மிச்சத்தை விழுங்கிவிடும். அவர்களுக்குக் கல்லூரிச் சாலையில் நடந்து போகும் தூரத்து அறையே சரி. இரவு கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதை டீக்கடையில் கேட்டுக்கொண்டு, அதைத் தாண்டி வேலை இழுக்கும் நாட்களுக்கு ஒரு ஆட்டோக்காரரின் எண்ணை முதல் வாரத்திலேயே வாங்கி வைக்க வேண்டும்.

ஆச்சியோடு ஒரு முழுத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். குடியேறும் தேதி, காலி செய்யும் தேதி, இந்தத் தாளே காலி செய்வதற்கான முன்னறிவிப்பு, வாடகை, அட்வான்ஸ், யூனிட் விலை, பெயிண்ட் பிடித்தமில்லை, குடும்ப விசேஷம் என்றால் பத்து நாள் முன்பே ஆச்சி தகவல் சொல்வது. ஆச்சியின் மகனோ மகளோ வெளியூரில் இருந்தால் அவர்களிடமும் போனில் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். இல்லையென்றால் விடுமுறைக்கு வந்து இறங்குபவர் யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்பார்.

கடைசி வாரத்தில் கவனிக்க வேண்டியது அட்வான்ஸ். மின்கட்டணச் சீட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அது வரட்டும், பிறகு தருகிறேன் என்று விட்டுவிட்டு ஊருக்குப் போனால் நாகர்கோவிலிலிருந்து போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். முந்தின நாள் மாலையே மீட்டரை இருவரும் சேர்ந்து பார்த்து, குடியேறிய அன்றைய அளவைக் கழித்து, ஒப்புக்கொண்ட விலையால் பெருக்கி, அந்தத் தொகையைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அட்வான்ஸ் 4,000-ஐ முழுதாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பது அதன் பிறகு.